பிரயோங் என் தலையில் வரைந்த நாய்

மழைக்கால நோன்பு தொடங்கும் நாளில் தாய்லாந்தில் எங்கள் லம்பாங் ஊர் ஆண்கள் புத்தர் முன்னால் மண்டியிட்டு, மூன்று மாதம் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். முடிவெட்டும் பிரயோங்கும் வருடா வருடம் செய்வான். அந்த வாரமே அவன் பக்கத்தில் நின்றால் வாடை தெரிந்துவிடும்.

இந்த வருடம் அவன் மனைவி சம்னியங் விகாரையிலேயே சொல்லிவிட்டாள்: காப்பாற்ற முடிகிற சத்தியமாகச் செய், இதுவும் உடைந்தால் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பையைக்கூடக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டாள்.

பிரயோங் யோசித்துப் பார்த்து, தினம் ஒரு படம் வரைவதாகச் சத்தியம் செய்தான். நானும் அவனும் சேர்ந்துதான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினோம். அதற்கு முன்போ பின்போ அவன் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வரைந்தான். கடை திறந்ததும் கண்ணில் பட்டதை நோட்டில் ஒரு பக்கம், கீழே தேதி. சீப்பை வரைந்தால் மீன் முள்ளாக வந்தது. என் செருப்பு படகாக வந்தது. மாலையில் சம்னியங் வந்து தேதியை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போவாள். கை பென்சிலைப் பிடித்துக்கொண்டதில் புட்டியை மறந்துவிட்டது என்று அவனே என்னிடம் ஆச்சரியப்பட்டான்.

கெட்ட நேரம் கடை நாய் உருவில் வந்தது. சுருண்டு தூங்கிய அதை ஒருநாள் வரைந்தான். நூடுல்ஸ் விற்கும் கிம்லை அக்கா அந்தச் சுருளில் ஒரு எண்ணைப் பார்த்து லாட்டரி வாங்கினாள். விழுந்துவிட்டது.

அவ்வளவுதான். காலையில் கடை வாசலில் கூட்டம். இரண்டு பூ விட்ட அதிசய வாழைமரத்தில் எங்கள் ஊரார் லாட்டரி எண் தேடுவது போல, படத்தின் மேல் பவுடர் தூவித் தேய்த்து எண் தேடினார்கள். முடிவெட்டும் கடையில் பவுடருக்கா பஞ்சம்? நோட்டுக்கு மாலை விழுந்தது. ஆவிகளுக்கு வைப்பது போல, சிவப்பு சோடாவில் ஸ்ட்ரா போட்டுப் படைத்தார்கள். டீ கெட்டிலை வரைந்த படத்தின் எண் விழாத அன்று, கெட்டிலின் மூக்கை ஏன் வலப்பக்கம் வைத்தாய் என்று அவனோடு சண்டைக்கே வந்தார்கள்.

நோன்பின் கடைசி நாள், மறுநாள் லாட்டரிக் குலுக்கல். அவன் அன்றைய படத்தைத் தொடங்கும் முன்பே நோட்டையும் பென்சிலையும் ஆலமரத்தடியில் ஆவிக்குக் கட்டிய மாடத்துக்கு ஊர்வலமாகத் தூக்கிப் போய்விட்டார்கள். செய்தித்தாள் ஓரத்தில் வரைந்தான். பாதியிலேயே ஒருவன் கிழித்துக்கொண்டு ஓடினான். காலண்டரில் வரைந்தான், ஆணியோடு போயிற்று.

மாலையில் பிரயோங் ஷட்டரை இறக்கினான். உள்ளே மிச்சம் நான்தான், கழுத்தில் துணியோடு. என் பின்மண்டையை வெகுநேரம் பார்த்தான்.

"அசையாதடா."

"என்னடா பண்றே?"

"இத எவனும் கிழிச்சுட்டு ஓட முடியாதுல்ல."

மெஷின் ஓடியது. முடிக்கும்போது பின்கதவு வழியாகச் சம்னியங் வந்தாள், கையில் அந்தப் பையோடு. என் தலையை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"என்னய்யா இது?"

"நாய்."

"பன்னி மாதிரில்ல இருக்கு."

"நாய்தான். காதுகிட்ட இவன் தும்மிட்டான்."

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முறையிட்டேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

"தேதி எங்க?" என்றாள்.

பிரயோங் சவரக்கத்தியை எடுத்தான். என் இடது காதுக்கு மேலே தேதி விழுந்தது. அவள் குனிந்து படித்துப் பார்த்தாள். பிறகு பையைப் பெஞ்சில் வைத்து அவிழ்த்து, அதிலிருந்த துண்டால் என் கழுத்து முடியைத் தட்டிவிட்டாள்.

ஷட்டரைத் தூக்கினால் வெளியே கிம்லை அக்கா, கையில் பவுடர் டப்பா.

"தம்பி, கொஞ்சம் குனி."

குனிந்தேன். நிமிர்ந்தபோது என் கழுத்தில் மாலையும், காலடியில் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடாவும் இருந்தன. ஆவிக்கு வைத்ததா எனக்கு வைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. குடித்துவிட்டேன்.