எட்டாம் பாட்டு வரை

இலங்கைப் போர்க்காலத்தில், கொழும்பின் கொட்டாஞ்சேனையில் மை மணக்கும் சிற்றச்சகமொன்றில் நாங்கள் ஐவர் பதிகத் தொகுப்பொன்றைப் பதிப்பித்தோம். எங்களுள் பிழைதிருத்துநர் மெலிந்தவர். எப்போதும் வெள்ளைச் சட்டை. வழியெங்கும் சோதனைச் சாவடிகள் என்பதால், புறப்படுமுன் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்.

தேர்த் திருவிழாவுக்குள் நூல் வெளிவர வேண்டும். ஐவரின் வேலையையும் கணினியில் கண்காணிக்க, வண்ண அட்டவணைகள் நிறைந்த மென்பொருளொன்றை நான் விரும்பினேன்.

"வடிவாத்தான் இருக்கு, ஐயா. நாளைக்கு என்னைச் செக்பொயின்ற்றில மறிச்சா, நான் எங்க விட்டனான் எண்டு இதில தேடுறதுக்குள்ள தேர் வீதி சுத்தி இருப்புக்கு வந்திடும்," என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தோம். ஆளின் பெயரையும் வேலையை விட்ட இடத்தையும் மட்டும் காட்டும் எளிய மென்பொருளையே தெரிந்தெடுத்தோம்.

ஒருநாள் அவர் வரவில்லை. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் மறித்து, விசாரணைக்குக் கொண்டு சென்றுவிட்டார்களாம். திரையில் அவர் பெயருக்கெதிரே "எட்டாம் பாட்டு வரை பார்த்தாச்சு" என்றிருந்தது. ஒன்பதாம் பாட்டிலிருந்து நான் தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் கசங்கிய சட்டையோடு வந்தவர், நேரே திரையைப் பார்த்தார். நான் திருத்திய தாள்களைப் புரட்டினார்.

"ஒன்பதாம் பாட்டில பிழை விட்டிட்டியள், ஐயா."

என் பிழையொன்று சுட்டப்பட்டதற்காக நான் இறைவனுக்கு நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான்.