மாமா கதிரைகளைத் துரத்திய கதை

எங்கள் வீட்டுக் கதிரைகள் எல்லாம் ஒரே நாளில் முற்றத்துக்குத் துரத்தப்பட்டபோது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். துரத்தியவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. லிங்கநகரில் எங்கள் வீட்டிலேயே எங்களோடுதான் இருந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பி எடுப்பதற்கும் போனுக்கு ரீலோட் போடுவதற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். காலையில் கடைக் கதிரையில் இருந்தால் இருட்டிய பிறகுதான் எழும்புவார். வயிறு மட்டும் அவரைவிட முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேரும்.

அம்மாவுக்கு அவர் பெரிய கவலை. தாயும் தகப்பனும் இல்லாத தம்பி, வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, பேசிய சம்பந்தங்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போய்க்கொண்டே இருந்தன. "இவனை ஒருத்தியின்ர கையில பிடிச்சுக் குடுத்திட்டனெண்டால் நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்" என்று அம்மா சாமிப்படத்துக்கும் சொல்வார், மீன்காரனுக்கும் சொல்வார்.

கடையில் ஆள் வராத நேரம் மாமா போனில் வீடியோ பார்ப்பார். ஒருநாள் அதில் வெறுங்காலோடு காட்டுக்குள் தவழ்ந்து திரிந்த ஒரு தாடிக்காரன், மனிதன் கெட்டதே கதிரையால்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். அன்று மாமா வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! சாமி வந்தவர் தோற்றுப்போவார்.

"அக்கா, மனிசனைக் கடவுள் நடக்க, ஓட, ஏற, பாய, குந்தப் படைச்சவர். இருக்கப் படைக்கேல்ல. எங்கட ரோட்டில திரியிற மானைப் பாருங்கோ. ஒரு மான் கதிரையில இருந்து கண்டிருக்கிறீங்களோ?"

பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமல் அப்பா சொன்னார்: "மான் கந்தோருக்குப் போயும் நான் காணேல்ல."

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் கிளார்க். கோணேசர் மலையை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தாலும் வைக்கலாம், அப்பாவைக் கதிரையில் இருந்து கிளப்ப ஏலாது. ஒழுங்கை முடிவில் இருக்கும் கடைக்குப் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிளில்தான் போவார். முதுகு நோகிறதென்று டொக்டரிடம் போனபோது, "தினமும் நடவுங்கோ" என்று டொக்டர் சொன்னார். "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து மறுபடி கதிரையில் இருந்தார். கோபப்பட்டாலும் இருந்துகொண்டேதான் கோபப்படுவார். அந்த மனிதரிடம் இருந்து கதிரையைப் பிடுங்குவது லேசான வேலையா? ஆனாலும் மாமா பிடுங்கினார். அப்பா சண்டை பிடிக்கவில்லை, சண்டை பிடிக்க எழும்ப வேண்டும். கதிரை போன இடத்துக்கே தானும் போய், முற்றத்தில் ஜம்பு மரத்துக்குக் கீழே இருந்து பத்திரிகையை விட்ட இடத்தில் இருந்து வாசித்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் எல்லாமே நிலத்தில். குந்தியிருந்து சாப்பாடு, குந்தியிருந்து டீவி. பள்ளிக்கூடம், டியூசன், வீட்டுப்பாடம் என்று நாள் முழுக்க வாங்குப் பலகையில் ஒட்டிக்கிடந்த எனக்கு, படிக்க முதல் ஜம்பு மரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பது கட்டளை. எனக்கு அது தேனாக இருந்தது. ஏறுவது சுகம், இறங்குவதுதான் பிடிபடவில்லை. ஒவ்வொரு நாளும் அப்பாவின் தலைக்கு மேலே நின்று "அப்பா, இறக்கிவிடுங்கோ" என்று கத்துவேன். அவர் பத்திரிகையை மடித்து, பெருமூச்சு விட்டு, கதிரையில் ஏறி நின்று இறக்குவார்.

மாமா அம்மாவிடமும் போய்ப் பார்த்தார். "அக்கா, நீங்களும் எழும்பி ஆடி அசைய வேணும்."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நான் எப்பயடா இருந்தனான், இனி எழும்ப?" என்றார். மாமா மெல்ல அங்கிருந்து நழுவிவிட்டார்.

இந்தக் கூத்துக்குள்தான் சல்லி ஊரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொம்பிளையின் தகப்பன் படகு வைத்திருப்பவர், பிள்ளைக்கு வங்கியில் வேலை. படத்தையும் சாதகக் குறிப்பையும் மட்டும் பார்த்துவிட்டு ஓம் சொல்ல மாட்டேன், தாய் தகப்பனோடு தானும் வந்து ஆளையும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டதாம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருகிறவர்களை எதில் இருத்துவது?

"நிலத்தில இருக்கட்டும், அக்கா. உடம்புக்கு நல்லது."

"பொம்பிளையின்ர தாய்க்கு முழங்கால் வருத்தமாம். அவவைக் குந்த வைச்சால் திரும்ப எழுப்பக் கிரேன்தான் கொண்டுவர வேணும். கதிரையை உள்ள எடு!"

மாமா மறுத்துவிட்டார். கொள்கை கொள்கைதானாம். அம்மா அழுதார், திட்டினார், ஒரு நேரம் சோறு போடாமலும் விட்டுப் பார்த்தார். கடைசியில் அப்பாதான் வழி சொன்னார்: வருகிறவர்களை முற்றத்தில் கதிரை போட்டு இருத்துவோம், வீட்டுக்குள் ஒரு கதிரையும் வராது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. எங்கள் கதிரைகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் மங்கியிருந்தபடியால், நல்ல கதிரையாகச் சனசமூக நிலையத்தில் எடுத்து வருவதாக அப்பா பொறுப்பேற்றார்.

அந்த நிலையத்தின் நீலப் பிளாஸ்டிக் கதிரைகளைப் பற்றி இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் எங்கள் ஆட்கள் உறை போட்ட கதிரைகளை வாடகைக்கு எடுப்பார்கள். நீலக் கதிரை ஒரு முற்றத்துக்கு வந்தால் அந்த வீட்டில் இழவு என்று ஒழுங்கையில் பெரிய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். கதிரையை விட்டு எழும்பாத அப்பாவுக்கு மட்டும் இது தெரியவில்லை. நிலையத்துக் கதவுத் திறப்பு வைத்திருந்தவர் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மழைக்குணமாக இருக்கிறது என்று ஒரு தறப்பாளையும் சேர்த்துக் கொடுத்து, ஆள் வைத்து ஜம்பு மரத்தடியில் கட்டியும் விட்டார். "என்ன நல்ல மனிசன்!" என்று அப்பா வந்து புகழ்ந்தார். அம்மா உழுந்து அரைக்கும் அவசரத்திலும் மாமா வேட்டி கட்டும் அவசரத்திலும் முற்றத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெண் வீட்டார் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அப்பா வாழைப்பழம் வாங்க மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனார். மாமா, வயிறு கொஞ்சமாவது உள்ளே போகட்டும் என்று, புது வேட்டியோடு குந்தி எழும்பிப் பழகியிருக்கிறார். எத்தனையாவது தடவையோ, முதுகில் மளுக்கென்று பிடித்துவிட்டது. தாடிக்காரனுடைய மருந்து, ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து படுத்து மூச்சை எண்ணுவது. மாமா கதிரையில்லாத வெறும் ஹோலின் நடுவே பாய் விரித்து, நீட்டி நிமிர்ந்து, கைகளை நெஞ்சில் வைத்து, காதில் இயர்போனைச் செருகிக் கண்ணை மூடிவிட்டார். நல்ல காரியம் நடக்கிற நாள் என்று அம்மா ஏற்கெனவே குத்துவிளக்கைக் கொளுத்தி வைத்திருந்தார். அது சரியாக மாமாவின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்தது.

நான் எங்கே என்று கேட்கிறீர்களா? புதுச் சட்டையோடு ஜம்பு மரத்தில். வழக்கம்போல இறங்க ஏலாது. அம்மாவைக் கூப்பிட்டால் சட்டையோடு சேர்த்து என் தோலையும் உரிப்பார், ஆகவே அப்பா வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று இருந்தேன்.

பெண் வீட்டார் இராகு காலத்துக்கு முதலே வந்துவிட வேண்டும் என்று சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார்கள். ஓட்டோவில் இருந்து தகப்பன், தாய், ஊதாச் சேலையில் அந்தப் பிள்ளை, மூவரும் இறங்கினார்கள். தறப்பாளைப் பார்த்ததும் தகப்பனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. வாசல்வரை போய் உள்ளே எட்டிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்து மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா பட்டுத்துணி மூடிய பலகாரத் தட்டைச் சட்டென்று கதிரைக்குக் கீழே தள்ளினார். பூவைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். செத்த வீட்டுக்கு வந்து இருக்காமல் போகக்கூடாது, போகும்போது போய் வருகிறோம் என்று சொல்லவும் கூடாது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பேசாமல் எழும்பிப் போவோம் என்று முடிவெடுத்தார்களாம். இதெல்லாம் பிறகு தெரிய வந்தது. மரத்தில் இருந்த எனக்கு, சொன்னபடி வந்து சொன்னபடி முற்றத்தில் இருக்கிறார்கள், நல்ல மரியாதையான ஆட்கள் என்றுதான் பட்டது.

நீலக் கதிரையில் மூன்று பேர் தலை குனிந்து இருந்தால் ஒழுங்கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ஐயா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்வளவு வீட்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பது மரியாதையில்லை. முன்வீட்டு மாமி மட்டும் வாசலில் நின்று ஹோலைப் பார்த்தார். பார்த்த கையோடு தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, இந்த வீட்டு விளக்கு அணைஞ்சு போச்சே!" என்று பெருங்குரல் எடுத்தார். பின்னால் குசினியில் கிரைண்டர் போட்ட சத்தத்தில் அம்மாவுக்கு உலகமே கேட்கவில்லை. மாமா மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம்தான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பியது.

மரத்தில் இருந்து எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்பா பிரேக் பிடித்தார். முற்றம் நிறைந்த சனத்தைப் பார்த்தார். மாமியின் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டார். வாழைக்குலை ஒரு பக்கம் உருண்டது. அப்பா ஓடினார்! என் அப்பா ஓடி நான் அன்றுதான் கண்டேன். ஒரு செருப்பு ஒழுங்கையோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்தது. படலைக் கதவை மறித்துச் சனம் நின்றபடியால் கானைத் தாண்டிப் பாய்ந்து, முள்ளுக்கம்பி வேலியில் ஏறி, சேர்ட்டைக் கிழித்துக்கொண்டு முற்றத்தில் குதித்தார். ஓடிய ஓட்டம் முழுக்க அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அம்மாவுக்கு ஒரு பெயர் இருப்பது அடையாள அட்டைக்காக மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் அவர் அம்மாவை "இஞ்சாரும்" என்பார், அவசரமென்றால் இருமுவார். அன்றைக்கு அந்தப் பெயர் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும்.

வாசலால் பாய்ந்தவர் ஹோலில் கிடந்த மாமாவைக் கண்டார். கண்டும் நிற்கவில்லை. ஒரு எட்டில் மாமாவைத் தாண்டிக் குசினிக்குள் போய்விட்டார். அதிர்வில் கண் விழித்த மாமா இரண்டு கையையும் ஊன்றாமல் விறைப்பாக எழும்பி இருந்தார். முன்வீட்டு மாமி போட்ட சத்தத்தில் நான் மரத்தில் இருந்து விழுந்தேன். நல்லகாலம், தறப்பாளில் விழுந்தேன்.

கிரைண்டர் நின்றது. உழுந்து மா ஒட்டிய கையோடு அம்மா நின்றார். அப்பா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு, "உமக்கு ஒண்டுமில்லையே?" என்றார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். திறந்து கிடந்த கதவால் முற்றத்துக்கு எல்லாம் தெரிந்தது.

பெண்ணின் தகப்பன் கொதித்துப்போனார். "உயிரோட இருக்கிறவனைப் பிணமாப் பாத்தாச்சு. இது சரிவராது. எழும்புங்கோ, போவம்." அம்மா ஓடிவந்து கைகூப்பினார். "ஐயா, அவனுக்கு வேற ஆரும் இல்ல. இவ்வளவு தூரம் வந்திட்டியள், ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ." கும்பிட்ட கையில் இருந்து மா சொட்டியது. மாமா ஹோலில் ஒரு பக்கம் சரிந்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொள்கையும் போய், பொம்பிளையும் போகப் போகிறாள்.

அந்தப் பிள்ளை எழும்பவில்லை. "இருங்கோ அப்பா. தேத்தண்ணி குடிச்சிட்டே போவம்" என்றது. வடை வந்தது. கதிரைக்குக் கீழே இருந்த பலகாரத் தட்டும் வெளியே வந்தது. துக்கத்துக்கு வந்த சனமும் ஆளுக்கொரு வடை சாப்பிட்டது. வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டது: "அக்கா, அவர் உங்களை எப்பவும் பேர் சொல்லியோ கூப்பிடுறவர்?"

"இல்லைப் பிள்ளை. இண்டைக்குத்தான்" என்றார் அம்மா.

பொழுது சாயும் நேரம் சல்லியில் இருந்து போன் வந்தது. பிள்ளைக்கு வீடு பிடித்திருக்கிறதாம், நாள் பார்க்கச் சொல்கிறார்களாம். அம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா உடனே எங்களுக்கு விளக்கம் சொன்னார்: கை ஊன்றாமல் எழும்பினவர் அல்லவா, அதில்தான் பிள்ளை மயங்கியிருக்கிறாள். நான் அதை அப்படியே நம்பி, எனக்கும் நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமென்று வருடக்கணக்காகக் கை ஊன்றாமல் எழும்பிப் பழகினேன். மாமா இன்னொன்றும் சொன்னார்: "அத்தான், ஓட்டம், பாய்ச்சல், ஏற்றம், குந்தல், எல்லாம் ஒரு நிமிசத்தில செய்து முடிச்சிட்டியள். என்ர பயிற்சி வீண்போகேல்ல."

அப்பா உள்ளே கொண்டுவந்த ஒரு கதிரையில் இருந்தார். அம்மா நிலத்தில் இருந்து, முள்ளுக்கம்பி கிழித்த அவருடைய காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். வீடே சந்தோசத்தில் இருந்தபடியால் நான் அன்றைய கூத்தை நடித்துக் காட்டத் தொடங்கினேன். முன்வீட்டு மாமி தலையில் அடித்ததை நடித்தேன், அம்மா சிரித்தார். மாமா பிணமாகப் படுத்து எழும்பியதை நடித்தேன், மாமாவே சிரித்தார். பிறகு அப்பா ஓடியதை நடித்தேன். செருப்பை எறிந்துவிட்டு, கைகளை வீசிக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி அப்பா கத்தியதுபோலவே கத்தினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவின் கை அப்பாவின் காலில் அப்படியே நின்றது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்ததிலேயே நல்ல பகிடி அதுதானே, ஏன் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சத்தம் காணாதாக்கும் என்று நினைத்து, இன்னும் பெலத்து ஒருமுறை கூப்பிட்டேன்.