அக்கா பவுடர் போட்டுக்கொண்டு வந்த படம்

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. ராட்டர்டாமுக்கு வந்த புதிதில், சாயங்காலம் தெருவில் நடந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால், பளிச்சென்ற விளக்கில், ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில் ஒரு கிழவர் மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். ஜன்னல் விளிம்பில் பூச்சாடி, பீங்கான் வாத்து எல்லாம் முகத்தைத் தெருவுக்கும் முதுகை வீட்டுக்காரருக்கும் காட்டிக்கொண்டு நிற்கும். இவ்வளவையும் திறந்து வைத்துவிட்டு, போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதுதான் இங்கே நாகரிகம். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குச் சட்டம் வேறு. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு வஞ்சிரமா?" என்று கேட்காமல் போகிறவன் ஒன்று சண்டைக்காரன், இல்லாவிட்டால் ஊருக்குப் புதியவன். குனிந்த தலை நிமிராமல் பல வருடம் நடந்து இந்த ஊர் நாகரிகத்தை நான் கற்றுக்கொண்டேன். கழுத்துவலிதான் மிச்சம்.

எண்ணூரிலிருந்து டொரொன்டோவுக்குப் போய்ச் சேர்ந்த நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஊருக்குப் போகும் முன் கேமரா வாங்க வேண்டுமாம். கழுத்தில் தொங்கவிடுகிற பெரிய, தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரா, சட்டைப்பையில் போடுகிற சின்ன காம்பேக்டா? நான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவன் என்பதால் என்னைக் கேட்கிறார். ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் ராஜி அக்கா வந்து நிற்கிறாள்.

அக்கா தன் வீட்டு முன்னறையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தாள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண் ஓடுகிற மீட்டர். செல்போன் வந்து எல்லோருடைய சட்டைப்பையிலும் ஒரு பூத் முளைத்த பிறகு, அந்தத் தொலைபேசிக்கு வந்த ஒரே நிரந்தர அழைப்பு என்னுடைய ஞாயிற்றுக்கிழமை அழைப்புதான். எடுத்ததும், "இன்னாடா, குளுருதா?" என்பாள். ஜூலையிலும் அதையேதான் கேட்பாள். நான் ஏதாவது உளறுவேன். சிரிப்பாள். சாக்கிலிருந்து கொண்டைக்கடலையைத் தரையில் கொட்டினால் எப்படி உருண்டோடுமோ, அப்படி ஒரு சிரிப்பு. அதைக் காதால் மட்டுமே கேட்டு வருடங்கள் போய்விட்டன. நேரில் இருந்தாலும் அதை முழுசாகப் பார்த்துவிட முடியாது. முன்பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பதால், சிரிப்பு கிளம்பும்போதே அவள் கையும் கிளம்பி வாயை மூடிவிடும். அவளுடைய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே விறைப்பு. கல்யாணப் படத்தில்கூட, யாரோ அப்போதுதான் திட்டிவிட்டுப் போனதுபோல் உட்கார்ந்திருப்பாள்.

ரோட்டை அகலப்படுத்த எங்கள் தெருவை இடிக்கப் போகிறார்கள், மாதவரம் பக்கம் குடிபோகப் போகிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். வீடு போவதைவிட எனக்கு வேறு பதற்றம். அந்த பூத்தில், அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில், அக்கா சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். நான் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தது எந்த முகத்தோடு என்பதற்கு என்னிடம் அத்தாட்சியே இல்லை.

கடைக்குப் போனேன். சுமதியும் வந்தாள். என் மனைவி வியாசர்பாடிக்காரி. அபிப்பிராயங்களைச் சேமித்து வைக்கும் பழக்கம் இல்லாதவள். மேஜைமேல் இரண்டு கேமராக்களையும் வைத்துவிட்டு, கடைக்கார இளைஞர் டச்சு மொழியில் கேட்டார்: "பொதுவாக எதைப் படம் எடுப்பீர்கள்?"

"என் அக்காவை."

"அவர் ஓடுவாரா? விளையாட்டு வீராங்கனையா?"

"இல்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள்."

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, கட்டடங்கள்!" என்று டிஎஸ்எல்ஆரை என் பக்கம் நகர்த்தினார். அதற்குமேல் மறுக்கும் அளவுக்கு என் டச்சு வளர்ந்திருக்கவில்லை. மறுக்கும் உத்தேசமும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் கழுத்தில் ஏதாவது ஒன்று தொங்க வேண்டும். தங்கச்சங்கிலிக்கு ஏற்ற மார்பு எனக்கு வாய்க்கவில்லை.

"சின்னத எடு," என்றாள் சுமதி. "அந்தப் பெருசப் பாத்தா ஒங்கக்கா பவுடர் போட்டுக்க உள்ள ஓடிடுவாங்க."

"படத்தின் தரம் என்று ஒன்று இருக்கிறது."

"தரம் யாருக்கு வேணும்? அக்கா தான வேணும்?"

பெரியதையே வாங்கினேன். இரண்டு மாதம் கையேட்டை மனப்பாடம் செய்தேன். எந்த வெளிச்சத்துக்கு எந்த எண், எவ்வளவு தூரத்துக்கு எந்த எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் மடியில் வைத்து மெட்ராஸ் வரை கொண்டுபோனேன்.

எங்கள் தெருவுக்குள் பெரிய கேமராவோடு மூன்று வகை ஆட்கள்தான் வருவார்கள் என்பதை ராட்டர்டாமில் இருந்து இருந்து மறந்துவிட்டிருந்தேன். கல்யாணத்துக்கு எடுப்பவர், யாராவது அகாலமாகச் செத்துப் போனால் பத்திரிகைக்கு எடுப்பவர், வீட்டை இடிப்பதற்கு முன் ஆபீசுக்கு எடுப்பவர். அன்றைக்குத் தெருவில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "இன்னா மச்சான், பீரங்கியோட வந்துகீற! யாரச் சுடப் போற?" என்றார். அவரும் வாசலில் நின்ற அக்காவும்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டவர்கள். நான் பூத்தின் போர்டைப் பார்த்து ஒருமுறை குறிவைத்ததுமே, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன.

"சார், நம்ம வூட்டையும் புடி சார். நெம்பர் தெரியணும்."

"நாளைக்கு வந்து இங்க வூடே இல்லியேன்னு சொன்னாங்கன்னா இன்னா சார் பண்றது?"

நான் அதிகாரி இல்லை என்றேன். "எந்த அதிகாரி ஒத்துக்கினான்?" என்றார் ஒரு பெரியவர். அக்காவைப் பார்த்தேன், காப்பாற்றுவாள் என்று. "எட்த்துக் குட்றா. இன்னா, கொறஞ்சா போயிடுவ?" என்றாள். அதோடு நிற்காமல், வெயிலில் மிஷின் காய்ந்துவிடும் என்று ஒரு கையில் குடையை எடுத்து என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் என் கேமரா பை. இப்படியாக, அரசாங்கம் அனுப்பாத அதிகாரியும் குடை பிடிக்கும் உதவியாளருமாக வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குடும்பம் வரிசையாக, ரேஷன் கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது. மெட்ராஸின் நல்ல காலை வெளிச்சம் முழுக்க அதில் போயிற்று.

கடைசியில் முனியம்மாவின் வீடு. நான் கதவு எண்ணைக் குறிவைத்துக்கொண்டிருக்கும்போது அவள் ஆரம்பித்தாள்: "சார், கண்ணாலம் கட்டி வந்த நாளா இங்கதான் சார் கீறேன். நீங்க நல்லா இருப்பீங்க, பெரியவங்களாண்ட சொல்லி…"

"ஐய, யாரு சார்?" என்றாள் அக்கா. "மூஞ்சப் பாரு முனிமா. ஒன் கொழம்புச் சட்டில பந்தப் போட்டு ஒடச்சான் பாரு, நம்ம பாபு, அவன்தான் இவன்."

"அந்தப் பேமானியா இது! ஏன்டா, சட்டி வாங்கியாராம கேமராவா வாங்கியாந்த?"

கொண்டைக்கடலை கொட்டியது. என் காதுக்குப் பக்கத்தில், அத்தனை வருடம் கடல்தாண்டிக் கேட்டது, ஒரு முழம் தூரத்தில். நான் பொத்தானை அமுக்கினேன்; முனியம்மாவும் அவள் வீடும் பதிந்தன. அப்புறம்தான் உறைத்தது: அக்காவின் ஒரு கையில் குடை, மறுகையில் பை. வாயை மூட அவளிடம் கை இல்லை. திரும்பினேன். திரும்பியவன் உடனே அமுக்கியிருக்கலாம். வெயிலில் நின்ற வீட்டுக்கு வைத்த எண், குடை நிழலில் இருக்கும் முகத்துக்கு ஆகாது என்று கையேடு சொல்லியிருந்தது. சக்கரத்தைத் திருகினேன். அந்தக் கறுப்புக் குழாய் தன்னை நோக்கி நீளுவதைப் பார்த்ததும் அக்கா குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இர்றா. பவுடர் போட்டுக்கினு வரேன்."

வந்தாள். பட்டுப்புடவை, பவுடர், கல்யாணப் படத்தின் அதே முகம். பூத் வாசலில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னால் புடவை கசங்குமாம்.

"சிரிக்கா."

"சிரிச்சிகினுதான்டா கீறேன்."

எத்தனையோ எடுத்தேன். எல்லாம் அற்புதமாக வந்தன. ஜரிகையை இழை இழையாக எண்ணலாம். போர்டில் பெயின்ட் உரிந்த இடம் தெரிந்தது. நான் சகோதரியாக அறிந்த மனுஷி மட்டும் உள்ளே எங்கோ உட்கார்ந்திருந்தாள், மிஷின் போகட்டும் என்று.

தெருக்காரர்களின் படங்களை அச்செடுத்து அனுப்பினேன். ஆபீசில் அவை பயன்பட்டனவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதிதாகக் குடிபோன வீடுகளில் ஆளுக்கொரு சுவரில் அவற்றை மாட்டியிருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். தெருவுக்கே அவரவர் வீட்டின் படம் கிடைத்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாதவரத்து செல்போனுக்கு மாறியது. அடுத்த முறை சின்னக் கேமரா கொண்டுவருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வாங்கி மேஜை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தேன். அடுத்த முறை வருவதற்கு முன் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஒரே நாளில் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, மாதவரத்து வீட்டு முன்னறையில் நான் எடுத்த அக்கா படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று, "இன்னா தெளிவா கீது பாரு," என்று கேமராவைப் பாராட்டினார்கள். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள மச்சான், இது ஒண்ணு எட்த்து வெச்ச," என்றார். மாலை போடுவதற்கென்றே எடுத்த படம்போலத்தான் இருந்தது.

நண்பருக்குச் சின்னதையே வாங்கச் சொல்லி எழுதிவிட்டேன். அமுக்கிய பிறகு அது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும், இருட்டில் புள்ளி புள்ளியாக வரும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நானும் விஷயம் தெரிந்தவனாகத்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில், பீங்கான் வாத்து இருக்க வேண்டிய இடத்தில், நான் வைத்திருப்பது முனியம்மாவின் படம். மேல் மூலையில் கறுப்பாக, அக்கா பிடித்த குடையின் ஓரம் விழுந்திருக்கிறது. முனியம்மா கேமராவைப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டு சரிய, கண் இடுங்க, கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அவள் பார்ப்பதை நான் பார்க்கவில்லை. ஊர் வழக்கப்படி படத்தின் முகம் தெருவுக்கு. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் எனக்கு அட்டைதான் தெரியும். வேலை முடிந்து திரும்பும் சில மாலைகளில், உள்ளே போகாமல் நடைபாதையில் நின்று என் வீட்டை நானே எட்டிப் பார்க்கிறேன். நாகரிகமான மனிதர்கள் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள்.