ஒன்பதாவது மஞ்சள் சட்டை

நான் லிஃப்ட்காரன். ஹின்டர்லான் மலையில், மேல் நாற்காலி லிஃப்டின் அடி நிலையத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் உட்காரும் நேரத்துக்கு நாற்காலி சரியாக வந்து சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். யார் நன்றாகச் சறுக்குகிறார், யார் வெறுமே பீற்றிக்கொள்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் சென்சியைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

கிரெசென்சியா லெக்டாலர் என்று தேவாலயப் பதிவில் இருக்கும். ஊர் வாயில் சென்சி. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சு. மேட்டு வீட்டுப் பண்ணை, பதினொரு மாடு, கோடையில் புல் வெட்டு, குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பள்ளியில் உதவியாள். பத்தொன்பது குளிர்காலம் அவள் குழந்தைகள் மேட்டிலேயே கிடந்தாள். விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துவது, மூக்கைத் துடைப்பது, ஒன்றுக்கு வருகிறது என்று அழுதால் ஐந்து சட்டைகளைக் கழற்றுவது. அவள் கையில் இருந்த கீழ்ப்படி அட்டைக்கு அவ்வளவுதான் அனுமதி. விடுமுறைக்கு வருகிற பெரியவர்களை மலைமேல் சரிவுகளுக்கு அழைத்துப் போகவேண்டுமானால் மாகாணத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பள்ளி வாசலில் தினமும் ஒரு பலகை வைப்பார்கள்; எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்று பெயர் எழுதியிருக்கும். குழந்தைகள் மேட்டுக்கு நேரே 'உதவியாள்' என்று மட்டும் இருக்கும். பத்தொன்பது வருஷம் அந்தப் பலகையில் அவளுக்குப் பெயரே இல்லை.

தேர்வு என்றால் சும்மா இல்லை. அழகாகச் சறுக்கினால் மட்டும் போதாது. பனி எந்த இடத்தில் உடைந்து சரியும், காலொடிந்தவனை எப்படிக் கீழே இறக்குவது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதோடு ஒரு வெளிநாட்டு மொழியும் வேண்டும். முதல் தடவை அந்த மொழியில்தான் சென்சிக்கு மூக்குடைந்தது. பனிச்சரிவு அபாயத்தை ஆங்கிலத்தில் விளக்கு என்று கேட்டிருக்கிறார்கள். "பனி வருது, நீ போ" என்ற அளவுக்குத்தான் அவளுக்கு வந்தது. இரண்டாம் தடவை முழங்கால் பிசகி, பாதியில் திரும்பினாள். அந்த வருஷமெல்லாம் பால் கறக்கும்போது மாடுகளோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"மாடு பதில் சொல்லுச்சா?" என்று நான் கேட்டேன்.

"உன்னைவிட நல்லாவே சொல்லுது" என்றாள்.

மூன்றாம் தடவை, நாற்பத்தொரு வயதில், தேறிவிட்டாள். கூடத் தேறிய பையன்களுக்கு அவள் வயதில் பாதி. பேட்ஜைக் குத்திக்கொண்டு அவள் என் லிஃப்டுக்கு வந்த அன்று நான் நாற்காலியை நிறுத்தியே விட்டேன். "ஏன்டா நிறுத்துன, பின்னால கூட்டம் நிக்குது" என்று திட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பள்ளித் தலைவன் கெப்ஹார்டுக்கு அவளை மேலே அனுப்ப மனசே இல்லை. குழந்தைகள் மேட்டுக்கு வேறு ஆள் தேடவேண்டுமே. இருந்தாலும் பிப்ரவரியில் விடுமுறைக் கூட்டம் குவிந்தபோது வேறு வழி இல்லாமல் ஒரு குழுவைக் கொடுத்தான்; பலகையில் மட்டும் பழையபடி 'உதவியாள்' என்றே எழுதினான். எட்டுப் பேர், மஞ்சள் சட்டை. எங்கள் பள்ளியின் விதி அது. ஒரு தலைவருக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் ஒருவரும் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில், கையில்லாத மெல்லிய மேல்சட்டை. கோட்டுக்கு மேலே போட்டுக்கொள்ள வேண்டியது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வெசல்மான் வந்து நின்றார். பிரெமன் நகரத்து வக்கீல். அந்த ஊர்களில் வக்கீலுக்கும் டாக்டர் பட்டம் உண்டு. பெரிய ஹோட்டலில் முழு மாடியை எடுத்துக்கொண்டு தங்குகிறவர். அவரை மஞ்சள் குழுவில் சேர்த்துக்கொள் என்றான் கெப்ஹார்ட். நான் ரோப் காருக்குக் காத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"எட்டு இருக்கு" என்றாள் சென்சி.

"ஒண்ணு கூடினா மலை இடிஞ்சு விழுந்துடுமா?"

"நீதானே எழுதி சுவத்துல ஒட்டி வச்சிருக்க. நானா எழுதினேன்?"

"பேட்ஜ் குத்தி முழுசா ஒரு மாசம் ஆகல. நாளைக்கே மறுபடியும் குழந்தைங்க மேட்டுக்குப் போகணுமா உனக்கு?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவன் எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தான், படுபாவி. அவள் கெப்ஹார்டை விட்டுத் திரும்பினாள். வெசல்மானைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க டாக்டர். எட்டுப் பேரைத்தான் என்னால திரும்பிப் பார்த்துக்க முடியும். ஒன்பதாவது ஆளா நீங்க வந்தா, உங்களை நான் பார்க்க மாட்டேன்" என்றாள். வெசல்மான் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு மூடுபனி இறங்கியது. எங்கள் மலையில் அது வருவதைப் பார்க்கவே முடியாது. இருக்கிறதா என்று பார்க்கும்போது இருக்கும். அப்படிப்பட்ட நாளில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு குழுவும் என் நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் தலைகளை எண்ணி வாக்கி டாக்கியில் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். நீலம் ஏழு, வந்தாச்சு. பச்சை எட்டு, வந்தாச்சு.

சென்சி வெள்ளைக்குள்ளிருந்து முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் சட்டைகள் ஒவ்வொன்றாக. தலையில் ஹெல்மெட், கண்ணில் பெரிய கண்ணாடி, மூக்குவரை துணி. ஒருவருக்கும் முகமில்லை. நான் விரலை மடக்கி எண்ணினேன். "மஞ்சள் எட்டு, வந்தாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

சென்சி திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைகளைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள்.

"விகில், இது என் எட்டு இல்ல" என்றாள் என்னிடம்.

"நல்லா எண்ணினேன். எட்டு."

"எட்டுதான். என் எட்டு இல்ல." கடைசியில் நின்ற நெட்டையான ஆளிடம் போனாள். "கண்ணாடியக் கழட்டு."

அவர் கழற்றினார். வெசல்மான்.

மஞ்சள் குழுவில் இன்னொரு நெட்டை ஆள் உண்டு. டினெக்கா என்று ஒரு டச்சுப் பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும், தனியாக வந்தவள். வாயே திறக்காதவள். மூன்று நாளில் அவள் குரலை நான் கேட்டதில்லை. அவள் இல்லை. அவள் இல்லாததை கூட வந்த ஏழு பேரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ரோப் கார் நடு நிலையத்தைத் தாண்டிவிட்டால் 'நீங்க' கிடையாது. மந்திரியானாலும் 'நீ'தான். கீழே இறங்கின பிறகு மரியாதை தானாக ஏறிக்கொள்ளும். காலையில் அவ்வளவு பணிவாகப் பேசின சென்சி இப்போது அவரை அந்த வழக்கப்படியே கேட்டாள்.

"உனக்கு முன்னால வந்த ஆளை நீ எங்க பார்த்த?"

"நான் டாக்டர் வெசல்மான்..."

"டாக்டரெல்லாம் கீழ. எங்க பார்த்த?"

"அந்தப் பெரிய மரத்துக்கிட்ட. நின்னு கண்ணாடியத் துடைச்சிட்டு இருந்தா. நான் தாண்டி வந்துட்டேன்."

"நின்னு ஒரு வார்த்தை கேட்கலையா?"

"ஒளிஞ்சு வந்தவன் எப்படிக் கேட்கிறது?" என்றார்.

அந்த மரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் வந்தால் என் லிஃப்ட். இடது பக்கம் ஓடைப்பள்ளம். வேலி போட்டு மூடியிருந்தோம், ஆனால் அந்த வாரம் பனி வேலியையே பாதி விழுங்கியிருந்தது. கீழே தண்ணீர் ஓடும், மேலே பனி மூடியிருக்கும். கால் வைத்தால் அவ்வளவுதான்.

"அவ பயந்தா வலப்பக்கம் திரும்ப மாட்டா" என்றாள் சென்சி. "மூணு நாளா பார்க்கிறேன். இடது பக்கம்தான் போவா."

வாக்கி டாக்கியை என்னிடமிருந்து பிடுங்கி மீட்புக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் மலையின் அந்தப்புறம் இருந்தார்கள், அரைமணி ஆகும் என்றார்கள். அலுவலகத்திலிருந்து கெப்ஹார்ட் அதே வாக்கி டாக்கியில் குறுக்கிட்டான். "என்ன கலாட்டா? எட்டும் வந்தாச்சுன்னு விகில் சொன்னானே."

நான் வாங்கிச் சொன்னேன். "எண்ணினது சரி கெப்ஹார்ட். எண்ணின ஆள் தப்பு."

"நான் போறேன்" என்றாள் சென்சி.

"குழுவை விட்டுட்டுப் போகக் கூடாது. விகில்கிட்ட விட முடியாது, அவனுக்கு அட்டை கிடையாது. போனா உன் பேட்ஜ் போச்சு, தெரியும்ல?"

மூன்று தடவை எழுதி வாங்கின பேட்ஜ். அவள் ஒரு கணம் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சாயங்காலம் வந்து எடுத்துக்க" என்று சொல்லி, என் அறையிலிருந்த இன்னொரு வாக்கி டாக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

போவதற்கு முன்னால் அவள் செய்ததுதான் எனக்கு இன்னும் சிரிப்பாக வருகிறது. எட்டுப் பேரையும் என் அறைக்குள் தள்ளி, பெஞ்சில் உட்காரவைத்து, "எல்லாரும் இடது பூட்ஸைக் கழட்டுங்க. விகில், வாங்கி வை. நான் வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காதே" என்றாள். ஒற்றைப் பூட்ஸோடு பனியில் யார் எங்கே போக முடியும்? குழந்தைகள் மேட்டில் பத்தொன்பது வருஷம் கற்றது அது. அடுப்போரத்தில் எட்டு இடது பூட்ஸ் வரிசையாக நின்றது, வெசல்மானுடையது உள்பட.

அவள் என் லிஃப்டில் ஏறி வெள்ளைக்குள் மறைந்தாள். மேலே போய், இறங்கி, மரத்தடிக்கு வரவேண்டும். நான் நாற்காலிகள் காலியாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். என் பெரிய அலுமினிய கெட்டிலில் தேநீர் கொதித்து வற்றியது, ஊற்றத் தோன்றவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிஷம் வாக்கி டாக்கி கரகரத்தது.

"விகில், எண்ணிக்கிறியா?"

"சொல்லு."

"டினெக்கா."

நான் வாசல் மரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலிக் கழி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பள்ளத்து விளிம்பில் நின்றிருக்கிறாள். இன்னும் நாலடி போயிருந்தால் பேச்சே இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று இருந்தேன் என்றாளாம்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது கெப்ஹார்டும் பனி ஸ்கூட்டரில் வந்துவிட்டான். சென்சி டினெக்காவை அடுப்புப் பக்கம் உட்காரவைத்தாள். பேட்ஜைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

கெப்ஹார்ட் அதை வாங்கவில்லை. வெசல்மான் பக்கம் போய், அவர் மேல் கிடந்த மஞ்சள் சட்டையைப் பிடித்தான்.

"குழுவுக்கு எட்டுச் சட்டைதான் எடுத்து வைப்போம்" என்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த ஒன்பதாவதை அலமாரியத் திறந்து குடுத்தது நான். பின்னால அமைதியா ஒட்டிக்கிட்டுப் போங்க, அவளுக்குத் தெரியாதுன்னு சொன்னதும் நான்தான்."

அவனை நான் முப்பது வருஷமாக அறிவேன். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவனே குனிந்து, பேட்ஜை அவள் கோட்டில் திரும்பக் குத்தினான். பிறகு பூட்ஸ்களை எடுத்து ஒவ்வொருவர் காலருகே வைத்தான். வெசல்மானுடையதை மட்டும் கடைசியில்.

கீழே ரோப் கார் நிலையத்தில் வெசல்மான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். "மேல சொன்ன மாதிரி கீழயும் 'நீ'ன்னே சொல்லலாம்" என்றார். பெரிய மனிதர் அப்படிக் கேட்பது பெரிய சலுகை.

"கீழ நீங்க நீங்கதான், டாக்டர்" என்றாள் சென்சி.

டினெக்கா வண்டி ஏறப்போகும்போது சென்சியின் கையைப் பிடித்தாள். "என் இடத்துல ஒரு ஆள் நின்னாரே. நான் இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க நிக்கும்போது முழங்காலை மடக்கி, முன்னால சாஞ்சு நிப்பீங்க, எந்த நேரமும் நகரத் தயாரா. அந்த ஆள் சொந்த வீட்டுல நிக்கிற மாதிரி நின்னாரு."

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மஞ்சள் குழு என் நிலையத்துக்கு வந்தது. சென்சி ஒன்றும் சொல்லாமலே ஒவ்வொருவரும் நின்று தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறினார்கள். கடைசியில் டினெக்கா. தன் பெயரை அவள் கத்தின கத்தலில் நீலக் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நான் வாக்கி டாக்கியை எடுத்தேன். எட்டு என்று சொல்லவில்லை. எட்டுப் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். அலுவலகத்தில் கெப்ஹார்ட் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒன்பதாவது பேரு?" என்றான்.

"ஒன்பதாவது யாருமில்லையே. நீ மறுபடியும் யாரையாவது அனுப்பினியா?"

"கூட்டிட்டுப் போற ஆளுக்குப் பேரு இல்லையாடா? முழுசா சொல்லு. பலகையில எழுதணும்."