லாரியில் வந்த அத்திக்கொம்பு

...அட, அதெல்லாம் ஒரு வண்டியா, விடு. உன் பேரன் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடி டயர் ஜீப்பை ஏரிச் சேற்றில் இறக்கி, அப்புறம் டிராக்டர் வைத்து இழுத்தார்களாமே? பால்காரன்தான் சொன்னான். முதல் நாள்தான் என்னிடம் வந்து, "பாட்டி, இது காடு மேடெல்லாம் போவும்" என்று பெருமை பேசிவிட்டுப் போனான். காடு மேடு போகிற வண்டியை, ஒசூரில் ஒரு கம்பெனிகூட வராத காலத்திலேயே பார்த்தவள் நான். பார்த்தவள் மட்டுமா? அதன் பின்னாலேயே பாதி மரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவள்.

உட்கார். களிக்கு உலை வைத்திருக்கிறேன், கொதிக்க நேரமாகும். அந்த அவரைக்காயை இப்படித் தள்ளு, ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

என் தங்கச்சி கல்யாணம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் சூளகிரிக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவில், பஸ் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். மாப்பிள்ளை வீடு காவேரிப்பட்டினம் பக்கம். நல்ல பையன், வாயே திறக்க மாட்டான். ஆனால் அவனுக்கு ஓர் அத்தை இருந்தாள். அந்த வீட்டில் எல்லாருடைய வாயும் சேர்ந்து அவளிடம்தான் இருந்தது. இதற்கு முன்னால் ஒரு பெண் வீட்டில், தட்டில் வைத்த வெற்றிலை வாடியிருந்ததாம். "சகுனம் செரியில்ல" என்று எழுந்து, அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நாழிகைக்கு ஒரு தரம் பிரித்துப் பார்ப்பாள்.

எங்களில் பாலக்கொம்பு நடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முதல் நாள், பால் வடிகிற மரத்தில் மூன்று கிளை பிரிந்த கொம்பாகப் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் வெட்ட வேண்டும். மரத்துக்குப் பூசை போட்டு, "உத்தரவு குடு தாயே" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவது. வெட்டிய கொம்பு தரையில் படக் கூடாது. அப்படியே தோளில் வாங்கி வந்து, மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் கால் வைப்பதற்குள் பந்தலில் நட்டுவிட வேண்டும். தரையில் பட்டால் அந்தக் கொம்பு ஆகாது. வேறு மரம்தான் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் இருந்ததோ ஒரே அத்தி மரம், அதுவும் ஓடைக்கு அந்தப்பக்கம், கரட்டுப் பாறைக் குன்று மேல்.

கை கட்டைவிரல் பருமனில் ஒரு கொம்பு. கொடுவாளால் ஒரு போடு போட்டால் முடிந்தது. ஆனால் வெட்ட வேண்டியது எங்கள் மாமா ஆயிற்றே!

மாமா அம்மாவுக்குத் தம்பி. தேன்கனிக்கோட்டைக் காட்டில் ஒரு மர காண்ட்ராக்டரிடம் வேலை. அந்தக் காண்ட்ராக்டர் பெங்களூரிலிருந்து இரண்டு சாமான் வாங்கி வந்திருந்தார். ஒன்று, உலகச் சண்டை முடிந்து அமெரிக்க மிலிட்டரிக்காரன் கழித்துப்போட்ட லாரி. இன்னொன்று மிசின் ரம்பம். இரும்புச் சங்கிலியில் பல் வைத்து, பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது. ஆளுக்கு ஒரு பக்கம் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மாமா பிடித்தது வால் பக்கம். இன்ஜின் பக்கம் வேறு ஆள். ஆனால் ஊருக்கு வந்தால், மிசினையே தான்தான் பெற்றெடுத்ததுபோலப் பேசுவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பூமி அதிர்ந்தது. மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமா காண்ட்ராக்டரைக் கேட்டு லாரியையும் மிசினையும் கொண்டுவந்துவிட்டார்! அடேயப்பா, அந்த லாரியைப் பார்க்க வேண்டுமே. ஆளுயரச் சக்கரம். பத்துச் சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்து உழும். டிரைவர் நம் வண்டிபோல இல்லாமல் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். எங்கள் சித்தி வலது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, டிரைவரே இல்லாமல் வண்டி வருகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். டிரைவர் பட்டாளத்திலிருந்து வந்த கன்னடக்காரர். நாங்கள் தமிழில் கேட்போம், அவர் கன்னடத்தில் சொல்வார், எங்கள் பெரியப்பா நடுவில் தெலுங்கில் புகுவார். ஒருவருக்கும் ஒன்றும் விட்டுப்போகாது.

பெரியப்பாதான் வீட்டுக்குப் பெரியவர். மிசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இன்னாத்துக்குடா மச்சான் இது?"

"கொம்பு வெட்டத்தான் மாமா. தோ, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வெட்டிப்புடும்."

"கொம்புல இரும்பு படணும்னு இருக்குது. பெட்ரோலு படணும்னு எவன்டா சொன்னான்?"

"காலம் மாறிப்போச்சு மாமா. இன்னும் கொடுவா புடிச்சிக்கினு இருந்தா மாப்ள ஊட்டுக்காரங்க சிரிப்பாங்க."

அம்மா வந்து, "எதுக்கும் இத எடுத்துக்கினு போடா தம்பி" என்று கொடுவாளை நீட்டினாள். மாமா அதை வாங்கினார். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இத மியூசியத்துல வை அக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அந்தக் கொடுவாளை நினைவில் வைத்துக்கொள், வரும்.

பூசைத் தட்டோடு நான், அம்மா, சித்தி, பெரியப்பா, மேளக்காரர் இரண்டு பேர், எல்லாரும் லாரியில் ஏறினோம். ஏறினோமா? தூக்கிப் போட்டார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். மாட்டு வண்டி இறங்கினால் மாடுதான் மிஞ்சும். இந்த லாரி எருமைபோல இறங்கி, எருமைபோல ஏறிவிட்டது. கரட்டில் பாறைக்குப் பாறை தாவியது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு முனியப்பனுக்குக் கோழி வேண்டிக்கொண்டாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கோழி. மேலே போய்ச் சேரும்போது ஒரு பண்ணையே கடன். எனக்கோ இறங்கவே மனசில்லை.

பூசை முடிந்தது. மாமா லாரியைப் பின்பக்கமாக வரச்சொல்லி மரத்தடியில் நிறுத்தினார். கொம்பு நேராக லாரிக்குள்ளேயே விழும், தரையில் படவே படாது என்றார். அது நல்ல யோசனைதான், பெரியப்பாவே தலையாட்டினார். டிரைவர் இன்ஜின் பக்கம், மாமா வால் பக்கம், லாரி மேல் நின்று மிசினைத் தூக்கினார்கள். கயிற்றை இழுத்தார்கள். இருமியது. மறுபடி இழுத்தார்கள். துப்பியது. ஏழாவது இழுப்பில் கத்தியது பார், மேளக்காரர்கள் மேளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கட்டைவிரல் கொம்பில் வைத்தார்கள். கொம்பு தலையை ஆட்டுகிறது, அறுபடவில்லை. பெரிய பல்லுக்குச் சின்னக் கொம்பு சிக்கவில்லை.

"மிசினுக்குத் தீனி பத்தல!" என்று மாமா கத்தினார். கொஞ்சம் உள்ளே தள்ளிக் கை பருமனில் வைத்தார்கள். அதுவும் ஆடியது. இன்னும் உள்ளே, தொடை பருமன். இன்னும் உள்ளே.

பெரியப்பா கீழேயிருந்து, "டேய், போதும்டா, போதும்டா!" என்கிறார். யார் காதில் விழுகிறது? உரல் பருமனில் ஒரு கிளை கிடைத்தது. மிசினுக்கு அது பிடித்துவிட்டது. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

கொம்பு கேட்டோம். பாதி மரம் வந்தது.

நல்ல வேளை, பட்டை பிடித்துக்கொண்டிருந்ததால் சடாரென்று விழவில்லை. பந்தியில் உட்காரும் பெரிய மனுஷனைப்போல மெதுவாகச் சாய்ந்து, லாரி மேல் உட்கார்ந்தது. மாமாவும் டிரைவரும் இலைக்குள் மறைந்துபோனார்கள். மிசின் நின்றுவிட்டது.

"டேய் தம்பி!" அம்மா அலறினாள்.

"ஏனூ ஆகில்ல, ஏனூ ஆகில்ல!" ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று டிரைவர் குரல் வந்தது. அடுத்த நொடி அதே குரல், "ஐயய்யய்யோ!" என்றது. மாமாவும் கத்தினார். இரண்டு பேரும் இலைக்குள்ளேயே குதிக்கிறார்கள், மரமே குதிப்பதுபோல இருக்கிறது. கிளை முழுக்க முசுறு! இலையை இலையோடு ஒட்டிக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு.

அப்போதுதான் பெரியப்பா கவனித்தார். கிளையில் முக்கால்வாசி லாரிக்குள் இருந்தது. நுனி வால்போலப் பின்னால் தொங்கியது. தரைக்கும் அதற்கும் ஒரு சாண்தான்.

"யாரும் அசையாதீங்க! தரையில பட்டா கல்யாணமே போச்சு! மச்சான், மூணு கெளக் கொம்பா ஒண்ணப் பாத்து நறுக்குடா, மீதி கெடக்கட்டும்!"

மாமா மிசினை இழுத்தார். அத்திப்பால் சங்கிலி முழுக்கப் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், இழுத்தார், அது இருமக்கூட இல்லை.

"கொடுவாள எடுடா" என்றார் பெரியப்பா.

மாமா மூக்கில் ஏறிய முசுறைத் தட்டினார். அம்மாதான் சொன்னாள். "மியூசியத்துல இருக்குது."

உச்சிப் பொழுதுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் பஸ். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. ஒரே வழிதான். டிரைவர் லாரியை மெல்ல நகர்த்த, ஒட்டிக்கொண்டிருந்த பட்டை கிழிந்து கிளை எங்களோடு வந்துவிட்டது. வாலைத் தரையில் படாமல் நாங்கள் தூக்கிக்கொண்டோம். ஒரு பக்கம் நான், சித்தி. இன்னொரு பக்கம் அம்மா, மேளக்காரர்கள். பெரியப்பா குனிந்து குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே, "தூக்கு! இடது பக்கம் எறங்குது! தூக்கு!" என்று கூட வந்தார். லாரி ஆமைபோல நகர, பின்னால் நாங்கள் ஐந்து பேர். முசுறு ரவிக்கைக்குள் போகிறது. கையை எடுத்தால் தங்கச்சி கல்யாணம் போகும். சொறியவும் முடியாது. ஓடைக்குள் இறங்கியபோது தண்ணீர் படுவது தரை படுவதாகுமா என்று சித்திக்குச் சந்தேகம். "தண்ணி கங்கைடி, தூக்கு!" என்றார் பெரியப்பா. அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சாஸ்திரம்.

ஊர் எல்லைக்கு வருகிறோம், எதிரே மாப்பிள்ளை வீட்டார்! பஸ் என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இன்னும் ஊருக்குள் கால் வைக்கவில்லை, புளிய மரத்தடியில் நின்று மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை, கையில் குடையோடு. ஒரு காடு தானாக நடந்து வருவதைப் பார்த்தாள்.

"சம்பந்தி, இது இன்னா?"

பெரியப்பா நிமிர்ந்தார். "பாலக்கொம்பு. எங்க பக்கத்துல இந்த அளவுக்குத்தான் வெட்டுவோம்."

அத்தை கிளையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். அப்புறம் குடையால் வாலைத் தட்டிப் பார்த்தாள். "தரையில பட்டுதா?"

"இல்ல!" எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னோம். சத்தியமாகப் படவில்லை.

"அது செரி." அத்தையின் கண் கிளையை விட்டு எங்கள் மேல் வந்தது. என் கழுத்து, அம்மா முகம், மாமாவின் மூக்கு. மாமாவின் மூக்கு அத்திப்பழம்போல இருந்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அத்தை இரண்டு அடி பின்னால் போனாள். "இன்னாது, ஊடு மொத்தத்துக்கும் அம்ம போட்டிருக்குதா? அம்ம போட்ட ஊட்டுலயா பொண்ணு எடுக்கறது? டேய், மூட்டயத் தூக்குங்கடா!"

அம்மா கொம்பை விடாமலே கழுத்தை நீட்டிக் காட்டி, "எறும்புங்க சம்பந்தி, வெறும் எறும்பு" என்கிறாள். அத்தை நம்பவில்லை. "எறும்பு கடிச்சா ஒரு எடத்துல கடிக்கும். பொறந்ததுலருந்து எறும்பப் பாக்காதவளா நானு?" மூட்டைகள் தலைக்கு ஏறுகின்றன. மாப்பிள்ளைப் பையன் பாவம், லாரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போது அத்தையின் குடையில் ஏறி வந்த ஒரு முசுறு, குடைப்பிடி வழியாகக் கைக்கு வந்து, ரவிக்கைக்குள் புகுந்து, நல்ல இடமாகப் பார்த்து ஒரு கடி. பின்னாலேயே அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும். குடை பறந்தது. அத்தை ஆடினாள் பார், மேளக்காரருக்குக் கொம்பைப் பிடித்த கை போக, மறு கை தானாக மேளத்துக்குப் போய்விட்டது!

ஆடி முடித்து, மூச்சு வாங்கி, தன் கையைப் பார்த்தாள். சிவப்புத் தடிப்பு. என் கையைப் பார்த்தாள். அதே தடிப்பு.

"எறும்புதான்" என்றாள். "இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறீங்க? நாங்க இங்கயே நிக்கறோம். போயி நடுங்க!"

என் பக்கத்தைச் சித்தியிடம் விட்டுவிட்டு நானே வீட்டுக்கு ஓடினேன். அம்மிக்குப் பக்கத்தில் கொடுவாள் இல்லை. தேங்காய் உடைக்க யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். கையில் கிடைத்தது அரிவாள்மணைதான். லாரி பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. மாமா அரிவாள்மணையை லாரி மேல் வைத்து, காலால் மிதித்து உட்கார்ந்து, மூன்று கிளைக் கொம்பு ஒன்றைக் கத்தரிக்காய்போல நறுக்கினார். மிசின் அவருக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது. பெரியப்பா அதைத் தட்டிக்கொடுத்து, "பாத்துக் கத்துக்க" என்றார்.

கொம்பு நட்டாயிற்று. மறுநாள் தாலி ஏறியது. மீதி அத்தித் தழையை ஊர் ஆடெல்லாம் மூன்று நாள் தின்றது. அத்தை ஒரே ஒரு குறை சொன்னாள், கிளம்பும்போது. "இத்தினி பெரிய வண்டிய வச்சிக்கினு எங்கள பஸ்ஸுக்கு நடக்க வுடறீங்களே, இதான் மரியாதயா?" அப்புறம் என்ன, டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டு. காவேரிப்பட்டினம் வரைக்கும் தன் ஊர்க்காரன் ஒருவன் கண்ணில் படமாட்டானா என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டே போனாளாம். அந்த முன் சீட்டில் உட்காரவேண்டும் என்று நான் அன்றைக்கு முழுக்க...

ஐயோ, பொங்கி வழியுது பாரு உலை! எழுந்திரு, எழுந்திரு, அந்த மாவுச் சட்டியை எடு. களிக்கோல் எங்கே? பிடி, பானையை நீ பிடித்துக்கொள், நான் கிண்டுகிறேன்.