செங்கல்வராயன் கொடுத்த வாக்கு

சித்தூர் ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவன் வாசலில் முதலில் பார்க்கிற முகம் செங்கல்வராயனுடையது. கையில் ஒரு புது வேட்டியோடு நிற்பார். குடிபாலாக்காரர். வரப்புச் சண்டையில் ஒருவன் செத்துப்போக, அவரும் ஒன்பது வருஷம் உள்ளே இருந்தவர்தான். வெளியே வந்து பார்த்தால் கழனியெல்லாம் கிரானைட் பட்டறை. இளவட்டமெல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியாயிற்று. ஜெயிலுக்குப் போனவனா என்று எல்லாப் பட்டறையும் விரட்டியது. நாகபூஷணம் என்கிற முதலாளி மட்டும் கல்லுக்குப் பாலிஷ் போடச் சேர்த்துக்கொண்டார்.

தனக்குக் கிடைத்தது மற்றவனுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தார். வெளியே வருகிறவனை நேராகத் திருமலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போடவைப்பார். அதில் பக்தி பாதி, கெட்டிக்காரத்தனம் பாதி. மொட்டைத் தலையும் லட்டுமாகத் தெருவில் நுழைகிறவனை எங்கே போயிருந்தாய் என்று எவன் கேட்பான்? பிரசாதத்துக்குக் கையைத்தான் நீட்டுவான். அப்புறம் பட்டறை. ‘இவனுக்கு நான் பொறுப்பு’ என்பார். முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். இப்படிப் பதினோரு பேர் கரையேறினார்கள்.

அவர்களில் முதல் ஆள் ஏழுமலை. கூடப்பிறந்தவனைப்போல வைத்திருந்தார். முட்டிவலி வந்து அவரால் அலைய முடியாமல் போனதும், நீ உட்காருணா, நான் கூட்டிக்கினு போறேன் என்றான். மனுஷர் பூரித்துப்போனார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

பன்னிரண்டாவது ஆள் அருள்குமார், நகரியில் தறி ஓட்டியவன். குடிவெறியில் பெண்டாட்டி வள்ளியின் தம்பியையே வெட்டிவிட்டு நாலு வருஷம் இருந்தவன். இனி அவன் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று வள்ளி ஒரே பிடியாக நின்றாள். நியாயம்தானே? செங்கல்வராயன் முட்டிவலியோடு மூன்று நடை நகரிக்குப் போனார். இனி அவன் தப்புப் பண்ணினால் என்னைக் கேளம்மா என்று கடைசியில் வாக்குக் கொடுத்தார். அவர் முகத்துக்காக அவள் சம்மதித்தாள்.

விடுதலையன்று ஏழுமலைதான் கூட்டிப்போனான். நாலு நாளாக ஆளையே காணோம். ஐந்தாம் நாள் பேப்பரில் படம் வந்தது. திருமலையைச் சுற்றின சேஷாசலக் காட்டோரம் மடக்கிய வேன், குந்தவைத்த ஏழு மொட்டைத் தலைகள், அதில் ஒன்று அருள்குமார், நெற்றியில் நாமம், முன்னால் கோடாலிகள். செம்மரம் வெட்டப் போனவர்களாம். கடல்தாண்டி விலைபோகிற மரம். சாமி கும்பிட்டு வருகிற கூட்டம் என்றால் சோதனைச் சாவடியில் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான் அந்தச் சண்டாளன் ஏழுமலை. ஒரு வருஷமாகவே மரக் கும்பலுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற மேஸ்திரியாம். சாவடிக்கு முன்னாலேயே இறங்கி ஓடிவிட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றால் இதுதான்.

நாகபூஷணம் கத்தவில்லை. இனிமேல் யாருக்கும் பொறுப்பு என்று இங்கே வந்து நிற்காதே என்று மட்டும் சொன்னார்.

செங்கல்வராயன் மனுப் போட்டு ஜெயிலில் அருள்குமாரைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் தலைநிமிராமல் பேசினான்.

“வண்டியில ஏறனப்புறம்தான் மரம் வெட்டணும்னான். மாட்டேன்னேன். அண்ணன் உத்தரவு, மறுத்தா வள்ளி உன்ன சேக்கமாட்டான்னான். நீ சொன்னன்னுதான் போனேன்.”

“நான் சொல்லல நைனா. சத்தியமா சொல்லல.”

“அவனும் இப்டித்தான் சத்தியம் பண்ணான்,” என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

முதுகில் குத்தியவன் எங்கேயோ இருக்கிறான், குத்திய பழி அவர் தலையில். வள்ளியாவது புரிந்துகொள்வாள் என்று நகரிக்கு பஸ் ஏறினார். அவள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஏழுமலையை வளர்த்தது, நம்பியது, அவன் ஏமாற்றியது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதார்.

“ஏழுமலை யாருன்னே எனக்குத் தெரியாதுணா,” என்றாள் வள்ளி. “நான் நம்பனது உன்னத்தான்.”

தறியைத் திரும்பப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவர் அதற்குமேல் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.