சகலைக்கு ஆடிய கடல்

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மின்கட்டண ரசீதைத் தவிர வேறெந்த அச்செழுத்தையும் அவர் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. நான் அப்படியல்ல. பதினான்கு வயதிலிருந்து கடலைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பவன். கப்பல் உடைந்தவர்கள், தீவில் ஒதுங்கியவர்கள், திசை தெரியாமல் மிதந்தவர்கள் என்று எத்தனையோ பேரை நூலகத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து, பதினைந்து நாள் வைத்திருந்து, திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாய்மரங்களின் பெயர்கள் தெரியும். காற்றின் வகைகள் தெரியும். அப்படிப்பட்ட எனக்குக் கடல் ஆடவில்லை. அவருக்கு ஆடியது.

முந்தின வருடம் தசரா லீவில் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போனார். இரண்டாம் நாள் காற்று கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து ஜோகுபாளையத்தில், மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், கறிக்குழம்போடு அந்தக் கடலும் தவறாமல் பரிமாறப்பட்டது.

"சக்கத்தா, செமயா ஆடுச்சு சகல. சூப்புக் கிண்ணத்த இங்க வெச்சா அங்க போவுது, அங்க புடிச்சா இங்க வருது. மேல நீச்சல் குளத்துத் தண்ணி பூரா தரையில. நான் நேராத்தான் நடக்குறேன், செவுரு வந்து என்னை இடிக்குது. எல்லாரும் பேப்பர் கவர்ல மூஞ்சிய வெச்சிக்கினு கெடக்காங்க. நான் ரெண்டாவது தோசை கேக்குறேன். ஒரு தடவ கூட வாந்தி எடுக்கல அண்ணி. ஒரே ஒரு தடவ கூட!"

அண்ணி என்பது என் மனைவி.

நான் குறுக்கிட்டேன். "அது பக்கவாட்டுல சாயுற ஆட்டமா, முன்னும் பின்னும் தூக்கி எறக்குற ஆட்டமா? ரெண்டும் வேற வேற."

"நீங்க போயிருக்கீங்களா சகல?"

"இல்ல."

"அப்போ ஆட்டம். அவ்ளோதான்."

மாமியார் தன் பங்குக்கு, என்னைக் காட்டி, "அவருக்கு எதுக்கும்மா கப்பலு? சிவாஜிநகர்லேருந்து மெஜஸ்டிக் பஸ்ல போனாலே தல சுத்துதும்பாரு" என்றார்.

இதில் எனக்கு வலித்தது கப்பல் அல்ல, என் மனைவியின் கரண்டி. சகலை கதை சொல்லும்போது அவள் பரிமாறுவதை நிறுத்திவிடுவாள். கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். அந்த முகம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், நான் படித்த கடல்களையெல்லாம் சொல்லும்போது எனக்கென்று இருந்த முகம் அது. ஒரு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடங்களில் அது "ம்" ஆகி, "அதான் தெரியுமே" ஆகி, "கேஸ் புக் பண்ணீங்களா" ஆகிவிட்டது. காணாமல் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். இல்லை. ஜோகுபாளையத்தில், இன்னொருவர் தட்டுக்கு மேலே, பத்திரமாக இருந்தது.

எனக்கு அந்த முகம் திரும்ப வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு கொந்தளிப்பு வேண்டும். படித்தது போதாது, பட்டிருக்க வேண்டும்.

அடுத்த தசரா லீவுக்குக் கப்பல் டிக்கெட் போட்டேன். என் மனைவி பள்ளி ஆசிரியை, அதனால் எங்கள் வீரதீரச் செயல்கள் எல்லாம் பள்ளி விடுமுறைக்குள் முடிந்தாக வேண்டும். அது வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாகும் காலம் என்பது தற்செயல் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஏஜெண்ட் பையனிடம் போனில், கப்பலின் முன்பக்கத்தில் அறை வேண்டும் என்றேன்.

"சார், எல்லாரும் நடுவுலதான் கேப்பாங்க. முன்னாடி ஆடும் சார்."

"எவ்வளவு ஆடும்?"

அவன் பயந்துவிட்டான். "ரொம்ப இல்ல சார், லைட்டா. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

"லைட்டாத்தானா?" என்றேன், மனமுடைந்து.

சிவாஜிநகரில் ஒரு மழைக்கோட்டும், அதே தெருவில் மருந்துக்கடையில் குமட்டல் மாத்திரையும் வாங்கினேன். கொந்தளிப்பைத் தேடிப் போகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். சகலை வாந்தி எடுக்கவில்லையே! நான் எடுத்துவிட்டால் என் கடல் அவர் கடலுக்குக் கீழேதான் எப்போதும் நிற்கும். கடைக்காரர் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். "ஒண்ணு போதும் சார். ரெண்டு போட்டா நித்ரே" என்று இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக் காட்டினார். தூக்கத்தை அதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. நான் தலையை ஆட்டினேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து வானிலைச் செய்தியை, தேர்வு முடிவு பார்ப்பதுபோலப் பார்த்தேன். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற வரி வந்ததும் மனசுக்குள் ஒரு துள்ளல். உடனே வெட்கமாகி, மீனவர்கள் அத்தனை பேரும் கரையில் பத்திரமாக இருக்கட்டும், நான் மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்று பிரார்த்தனையைத் திருத்திக்கொண்டேன்.

சென்னையில் ஏறினோம். முதல் இரண்டு நாள் கடல், இஸ்திரி போட்ட வேட்டிபோலக் கிடந்தது. தண்ணீர் நிரம்பிய டம்ளரை மேஜையில் வைத்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்தேன். ஒரு வளையம்கூட இல்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டிடம் பக்கத்தில் மெட்ரோ வேலை நடந்தபோது இதைவிட நன்றாக ஆடியது. சகலையிடமிருந்து செய்தி வந்தது: "ஆடுதா?" இல்லை என்று அனுப்பினேன். "பாவம் சகல" என்று பதில். பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். மதியத்துக்கு மேல் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கைப்பிடிகளைப் பிடித்து நடக்கவும், மேல்தளத்துக்கு யாரும் போக வேண்டாம். சிப்பந்திகள் நாற்காலிகளைக் கட்டினார்கள். குளத்தின் மேல் வலை விரித்தார்கள். மாடிப்படிக் கைப்பிடிகளின் இடுக்கில், பத்தடிக்கு ஒன்றாக, வெள்ளைக் காகித உறைகளைச் செருகிக்கொண்டே போனார்கள். கல்யாண மண்டபத்தில் தோரணம் கட்டுவதைப் பார்க்கிறவன்போல நான் அவர்கள் பின்னாலேயே போனேன்.

"என்ன உங்களுக்கு இவ்ளோ சந்தோஷம்? பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றாள் மனைவி.

அறைக்கு வந்து, ஆளுக்கொன்றாக இரண்டு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தேன். என்னுடையதை விழுங்கினேன். அவளுடையதை நீட்டினேன்.

"எனக்கு வேணாம். வாயெல்லாம் கசக்கும்."

"பிரிச்சுட்டேனே!"

"பிரிச்சா? தூக்கிப் போடுங்க."

இந்த இடத்தில் என் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் மிச்சமானதைச் சாப்பிடுவது என் உத்தியோகம். நேற்றைய உப்புமா, அடிப்பிடித்த பாயசம், மகன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன இருமல் மருந்து, எல்லாம் என் வாய்க்குத்தான் வரும். பிரித்த மாத்திரையைக் குப்பைக் கூடையில் போட என் கை வரவில்லை. வாயில் போட வந்தது. மருந்துக்கடைக்காரரின் கன்னத்தில் இருந்த கைகள் ஒரு கணம் ஞாபகம் வந்தன. அவருக்கு என் உடம்பு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் மெல்ல மூக்கைத் தூக்கியது. வந்துவிட்டது! மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஷூ நாடாவைக் கட்டுவதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கண் திறந்தபோது ஜன்னலில் மாலை வெயில். மழைக்கோட்டோடு படுத்திருந்தேன். இரண்டு பக்கமும் தலையணைகளை அண்டை கொடுத்திருந்தார்கள், கைக்குழந்தை உருண்டு விழாமல் இருக்க வைப்பார்களே, அப்படி. கட்டிலடியில் இருந்த பெட்டி குளியலறை வாசலில் நின்றது. அலமாரி ஹேங்கர்கள் தரையில் கிடந்தன. எதிரே நாற்காலியில் என் மனைவி, தலைமுடி கலைந்து, முகமெல்லாம் ஜொலிக்க உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள்.

பிறகு சொன்னாள். "ஏங்க, ஜன்னல்ல ஒரு நிமிஷம் வெறும் வானம், அடுத்த நிமிஷம் வெறும் தண்ணி. அப்படியே தூக்குது, தூக்குது, ஒரு எடத்துல நிக்குது பாருங்க, அப்ப வயித்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுது. அப்புறம் தொபுக்குனு கீழ. கப்பல் பூரா நறநறங்குது. வெளிய வந்தா ஒரு பஞ்சாபி அம்மா நடக்க முடியாம தரையில உக்காந்துட்டாங்க. நானும் பக்கத்துல உக்காந்து அவங்க கையப் புடிச்சிக்கிட்டேன். ரெண்டு பேரும் உக்காந்தபடியே இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் சறுக்குறோம். சிரிப்பு தாங்கல."

"வாந்தி எடுத்தியா?"

"இல்லையே."

"ஒரு தடவகூட?"

"பசிதான் எடுத்துச்சு."

அந்த நிமிடம் என் பொறாமை பீன்யாவிலிருந்து வீடு மாறி எங்கள் அறைக்குக் குடிவந்தது. அலை அவள் கண் முன்னால் எழுந்திருக்கிறது. கடலைப் பற்றி ஒரு பக்கம்கூடப் புரட்டாதவளுக்கு! இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். பாதிக் கப்பல் அவளுக்குக் கையசைத்தது. சிப்பந்தி ஒருவன் கேட்காமலே, கடல் குமட்டலுக்கு நல்லதென்று பச்சை ஆப்பிள் கொண்டுவந்து வைத்தான். பஞ்சாபி அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, இப்போது உடம்பு தேவலாமா என்று இந்தியில் விசாரித்தார். எனக்குக் காய்ச்சல் என்று இவள் சொல்லிவைத்திருக்கிறாள். மீதி நேரமெல்லாம் நோயாளி நடை நடந்தேன்.

மறுநாள் முழுக்க முன்தளத்தில் போய் நின்றேன். கடல் மறுபடியும் வேட்டியாகிவிட்டது. வெட்கத்தை விட்டு அவளிடம் துணுக்குத் துணுக்காகக் கேட்டு வாங்கினேன். எவ்வளவு சாய்ந்தது? கையைச் சாய்த்துக் காட்டினாள். பக்கவாட்டிலா? "எனக்கென்ன தெரியும், அது உங்க டிபார்ட்மெண்ட்" என்றாள்.

பெங்களூர் திரும்பும் ரயிலில் எனக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை வரும். சகலை கேட்பார். அவள் சொல்லுவாள், தலையணை உட்பட. சொல்லாதே என்று கேட்கலாம். கேட்டால் அவளிடம் மானம் போகும், கேட்காவிட்டால் ஜோகுபாளையத்தில் போகும். காட்பாடியில் கேட்க வாயெடுத்தேன். பங்காருப்பேட்டையில் இன்னொரு முறை. காபி வந்தது, குடித்தேன்.

ஞாயிறு வந்தது. சகலை உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "என்ன அண்ணி, கடைசியில ஆடுச்சாமே?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். வானம், தண்ணீர், சறுக்கல், எல்லாம். சகலையின் கை தட்டில் அப்படியே நின்றது. மாமியார் வாயைத் திறந்தபடி கேட்டார். நான் முருங்கைக்காயைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"சகல என்ன பண்ணாரு? படுத்துட்டாரா?"

வந்துவிட்டது.

"இவரா? இவர்தான் என்னை நிறுத்தி வெச்சாரு. தண்ணியப் பாக்காத, தூரத்துல வானம் தொடுற கோட்டைப் பாருன்னாரு. பாத்தேன், உடனே சரியாயிடுச்சு. கப்பல் எழும்பறப்ப முட்டிய லேசா மடக்கி நில்லுன்னாரு. ஒவ்வொரு அலை வர்றதுக்கு முன்னாடியும் இது பெருசு, இது சின்னதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தப் பஞ்சாபி அம்மாவுக்கு ஏதோ ஜோக்கு சொன்னாரு பாருங்க, அவங்க அழுகையை விட்டுட்டுச் சிரிச்சாங்க."

"நம்ம சகலயா?" என்றார் சகலை. முதல் தடவையாக என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாந்தி?"

"இவருக்கா?" என்றாள், நம்ப முடியாத கேள்வியைக் கேட்டதுபோல.

நான் அடக்கமாகச் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் லேசாகத் திறந்து, கண் விரிந்து, அந்த முகம் வந்திருந்தது. என்னைப் பார்த்து அல்ல. என்னைத் தாண்டி, அலைகளை எண்ணிக்கொண்டு நின்ற யாரோ ஒருவனைப் பார்த்து.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உங்கள நாலு தடவ எழுப்பினேன். சட்டையப் புடிச்சு உலுக்கினேன். நீங்க எழுந்திருக்கல. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. நீங்க முழிச்சிருந்தா என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சேன். அடிவானத்தைப் பாருன்னுதானே எப்பவும் சொல்லுவீங்க? அதே மாதிரி பாத்தேன். முட்டியும் நீங்க சொன்னதுதான், கல்யாணமான புதுசுல. பக்கத்துல நீங்க இருக்கிற மாதிரியே வெச்சுக்கிட்டேன். பொய் ஒண்ணும் சொல்லல."

"அந்த ஜோக்கு?"

"அது என்னோடது. உங்களுக்குக் குடுத்துட்டேன்."

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆட்டோ அல்சூர்ப் பக்கம் திரும்பும்வரை விடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் கதையில் வந்த அந்த ஆளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் மனைவி பயந்தபோது பக்கத்தில் நின்றவன் அவன். என் புத்தகங்களிலிருந்து நான் சொன்னதையெல்லாம் எடுத்து, சரியான நேரத்தில் சொன்னவன். சகலையாவது பீன்யாவில் இருக்கிறார். இவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே இருக்கிறான்.

ஞாயிறுதோறும் வளர்ந்தும் வருகிறான். இப்போதெல்லாம் சகலையே தன் கடலை விட்டுவிட்டு அவனைத்தான் கேட்கிறார். போன வாரம், கட்டு அவிழ்ந்து உருண்ட நாற்காலி ஒன்றை ஒரே கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறான். எனக்கே அது அங்கே கேட்டுத்தான் தெரியும்.